ஏறுதலும் ஆறுதலும்: ஆவேசத் திரைப்படங்களில் மனவடு, நம்பிக்கை, குணமாதல்

முன்னுரை

பேய் பிடித்தலைக் கதைப்பொருளாகக் கொண்ட திரைப்படங்களை வெறும் அச்சமூட்டும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடும் போக்கு ஆய்வுலகில் நெடுங்காலம் இருந்துவந்துள்ளது. ஆனால் ஒருவர் உடலில் இன்னொருவர் பேசுகிறார் என்னும் நிலை, இலக்கியத்திற்கும் வழிபாட்டிற்கும் மருத்துவத்திற்கும் பொதுவான சிக்கலாகும். துன்பம் எங்கிருந்து வந்தது, அதைப் பேசும் உரிமை யாருக்கு உண்டு, அது எவ்வாறு தீரும் என்னும் மூன்று வினாக்கள் அதனுள் அடங்கியுள்ளன. தமிழில் புண் ஆறுவதற்கும் மனம் ஆறுவதற்கும் ஒரே வினைச்சொல்லே வழங்குகிறது. பேயையோ ‘ஓட்டுகிறோம்’. இந்த ஓட்டுதலும் அந்த ஆறுதலும் ஒன்றுதானா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. 1993-இல் வெளிவந்த ‘மணிச்சித்ரத்தாழ்’ என்னும் மலையாளத் திரைப்படமும் அதன் வழிவந்த தமிழ், இந்திப் படங்களும் இங்கு முதன்மைச் சான்றுகளாக அமைகின்றன. ஒப்பீட்டின் பொருட்டு வேறு சில படங்களும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

வெறியாட்டும் அறத்தொடு நிற்றலும்

ஆவேசத்தின் காரணம் குறித்த கருத்து வேறுபாடு தமிழ் மரபிற்குப் புதியதன்று. சங்க அகப்பாடல்களில் தலைவியின் உடல்மெலிவைக் கண்ட தாய் கட்டுவிச்சியை அழைத்துக் கட்டுப் பார்க்கிறாள். முருகன் அணங்கியதாகக் கருதி வேலனைக் கொண்டு வெறியாட்டு நிகழ்த்துகிறாள். நோயின் காரணம் முருகன் அல்லன், தலைவன்மீது கொண்ட காதலே என்பதைத் தோழி அறிவாள். நற்றிணை 34-ஆம் பாடலில் தோழி முருகனையே விளித்து, இந்நோய் தன்னால் வந்ததன்று என அறிந்தும் வெறிக்களத்திற்கு வந்த அறியாமையைச் சுட்டுகிறாள். இப்பொருளைப் பாடிய சிறப்பினாலேயே ஒரு பெண்பாற்புலவர் வெறிபாடிய காமக்கண்ணியார் எனப் பெயர் பெற்றார்.

இப்பாடல்களில் நம்பிக்கையும் அதன்மீதான ஐயமும் ஒரே களத்தில் நிற்கின்றன என்பது கருதத்தக்கது. தோழி முருகன் இல்லை என்று கூறவில்லை. இந்தப் பெண்ணின் துன்பத்திற்கு இந்தக் காரணம் பொருந்தாது என்றே கூறுகிறாள். அவள் மேற்கொள்ளும் அறத்தொடு நிற்றலே நோய் தீர்வதற்கு வழியாகிறது. அதாவது, மறைக்கப்பட்ட உண்மை உரியவர் செவியில் படும்போது மெலிவு நீங்கத் தொடங்குகிறது. பிற்காலத் திரைப்படங்களில் மருத்துவர் ஏற்கும் இடம் இத்தோழியின் இடமே எனலாம். ஆயினும் தோழி தலைவியின் சார்பில் பேசுகிறாள். மருத்துவர் யார் சார்பில் பேசுகிறார் என்பது ஆராயப்பட வேண்டியதாகும்.

சேரநாட்டில் கேட்கப்பட்ட அழுகை

சிலப்பதிகாரத்தின் இறுதிக் காதையாகிய வரந்தரு காதை இப்பொருளில் தனிக்கவனம் பெறத்தக்கது. சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்குக் கோயில் எடுத்த பின்னர், அவன் முன்னிலையில் தேவந்திகைமேல் பாசண்டச் சாத்தன் தோன்றி உரைக்கிறான். அவ்வுரைப்படி நீர் தெளிக்கப்பட்ட மூன்று சிறுமியர், கண்ணகியின் தாயாகவும் கோவலனின் தாயாகவும் மாதரியாகவும் அரற்றுகின்றனர். முன்னைய இருவரும் பிள்ளைகளின் இறப்புச் செய்தி கேட்டு உயிர்நீத்தவர்கள். மாதரியோ, அடைக்கலமாகப் பெற்றவர்களைக் காக்க இயலாமற்போனமைக்கு வருந்தித் தீப்புகுந்தவள். தாம் காக்கத் தவறினோம் என்னும் குற்றவுணர்வும் இழப்பின் துயரும் மறுபிறவியிலும் ஆறாமல், பேசுவதற்கு ஒரு வாயைத் தேடிவருவதாகக் காப்பியம் காட்டுகிறது.

இக்காட்சியில் எவரும் ஓட்டப்படவில்லை. சிறுமியர் பேய் பிடித்தவர்களாக இழிவுபடுத்தப்படவும் இல்லை. அரசன் கேட்கிறான், மாடலன் அவர்கள் யாவர் என விளக்குகிறான், பின்னர் நாள்வழிபாடு முறைப்படுத்தப்படுகிறது. இறந்தோரின் துயரைக் கேட்டல், அவர்களை இன்னார் என அறிதல், நினைவிற்கு ஓர் இடம் அளித்தல் என்னும் மூன்று படிகள் இதில் உள்ளன. நாட்டார் வழிபாட்டிலும் இம்மூன்றும் தொடர்கின்றன. குமரி, நெல்லைப் பகுதிகளில் வழங்கும் நீலி கதையில், தாசிக் குலத்துப் பெண் ஒருத்தி நகைக்காகக் காதலனால் கொல்லப்பட்டு மறுபிறவியில் பழி தீர்க்கிறாள். அவள் இசக்கியம்மனாக நிலைபெற்ற கோயில்களில், கொடைவிழாவின்போது அக்கதை வில்லுப்பாட்டாக ஊரார்முன் முழுமையாகப் பாடப்படுகிறது. கொலையை மறைக்காது ஆண்டுதோறும் ஊரறியப் பாடுவதே அங்கு ஆற்றுப்படுத்தும் முறையாக உள்ளது.

மணிச்சித்ரத்தாழ்: இரு காயங்கள்

மது முட்டம் எழுத, ஃபாசில் இயக்கிய ‘மணிச்சித்ரத்தாழ்’ இம்மரபுகளுக்கு அருகில் நின்றுகொண்டு அவற்றிலிருந்து விலகுவது. தஞ்சையிலிருந்து கொண்டுவரப்பட்ட நாகவல்லி என்னும் ஆடல்மகள், தன் காதலன் ராமநாதனை நாடியமையால் தறவாட்டுத் தலைவர் சங்கரன் தம்பியால் கொல்லப்பட்டாள் என்பது படத்தினுள் வழங்கும் பழங்கதை. அவளது ஆவி தெற்கினியில் அடைக்கப்பட்டு, வேலைப்பாடு மிக்க தாழால் பூட்டப்பட்டுள்ளது. கணவன் நகுலனுடன் அவ்வீட்டிற்கு வரும் கங்கா அத்தாழைத் திறக்கிறாள். பின்னர் நாகவல்லியாக மாறுகிறாள். அமெரிக்காவிலிருந்து வரும் உளமருத்துவர் சன்னி, இது ஆவியன்று, பிளவுண்ட ஆளுமை என்னும் உளநோய் என்று கண்டறிகிறார்.

இப்படத்தின் திரைக்கதை கங்காவின் இளமைக்காலத்தை நோயின் வேராகக் காட்டுகிறது. பெற்றோர் தொலைவில் வாழப் பாட்டியிடம் கதைகேட்டு வளர்ந்த சிறுமி, அச்சூழலிலிருந்து திடீரெனப் பெயர்க்கப்படும்போது மனம் சிதறுகிறாள். கைவிடப்படுதல், பெயர்க்கப்படுதல் என்னும் இவ்விரு பட்டறிவுகளும் தஞ்சையிலிருந்து பெயர்க்கப்பட்ட நாகவல்லிக்கும் உரியவை. தன்னையொத்த காயம் உடையவளையே கங்கா தன்னுள் ஏற்கிறாள். ஆவேசம் இங்கு தற்செயலானதன்று. ஒரு காயம் இன்னொரு காயத்தை அடையாளம் கண்டுகொள்வதாக அமைகிறது. அச்சப்படங்களில் அரிதாகவே காணப்படும் இவ்வொருமைப்பாடே இப்படத்தின் ஆழத்திற்குக் காரணம் எனத் துணியலாம். ஷோபனாவின் நடிப்பு தேசிய விருது பெற்றமைக்கும், இரு பெண்களையும் ஒருசேர உணர்த்திய திறனே அடிப்படை எனலாம்.

குணப்படுத்தும் முறையும் நோக்கத்தக்கது. 1973-இல் வில்லியம் ஃபிரீட்கின் இயக்கிய ‘தி எக்சார்சிஸ்ட்’ படத்தில் கராஸ் என்னும் பாதிரியாரே உளமருத்துவராகவும் உள்ளார். தாயின் இறப்பால் குற்றவுணர்வும் நம்பிக்கைத் தளர்வும் கொண்ட அவர், தம் உயிரைக் கொடுத்தே சிறுமியை மீட்கிறார். அங்கு மருத்துவம் தோற்ற இடத்தில் நம்பிக்கை தொடங்குகிறது. மலையாளப் படத்திலோ மருத்துவர் சன்னியும் தாந்திரீகர் பிரம்மதத்தன் நம்பூதிரிப்பாடும் இருவேறு மனிதர்கள்; எனினும் உடன்பட்டுச் செயலாற்றுகின்றனர். துர்க்காஷ்டமி இரவில் சடங்குக்களம் அமைக்கப்பட்டு, நகுலன் இருந்த இடத்தில் சங்கரன் தம்பியின் உருவம் மாற்றி வைக்கப்படுகிறது. நாகவல்லி அதனை வெட்டிப் பழிதீர்த்த நிறைவடைகிறாள். அதன்பின் மருத்துவர் அறிதுயில் முறையால் கங்காவை மீட்கிறார்.

நம் ஊர்களில் கோடாங்கி உடுக்கை அடித்து ‘நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய், என்ன வேண்டும்’ என வினவுவார். சன்னியின் முறையும் இவ்வினா வரிசையிலிருந்து பெரிதும் விலகவில்லை. நாகவல்லியிடம் அவளது விருப்பத்தைக் கேட்டறிந்து, அதை நிறைவேற்ற உறுதியளித்தே அவரும் வெற்றி பெறுகிறார். அறிவியல் நம்பிக்கையை வென்றது என்று இப்படத்தைப் பாராட்டுவோரும், நம்பிக்கையே இறுதியில் உதவியது என்போரும் ஒருபகுதி உண்மையையே கூறுகின்றனர். குணமாவதற்குத் தேவையாக இருந்தது, துன்புற்றவள் நம்பும் மொழியில் அவளுடன் பேசுவதேயாகும்.

குணமாகாதவர்கள்

ஆயினும் இக்குணமாதலுக்கு மூன்று பெண்கள் விலை கொடுக்கின்றனர் என்பதைத் திறனாய்வு மறைக்கலாகாது. முதலாமவள் ஸ்ரீதேவி. செவ்வாய்த் தோஷத்தின் காரணமாக நகுலனுடனான திருமணம் கைகூடாமற்போன இவள்மீதே வீட்டின் விபரீதங்களுக்கான ஐயம் திருப்பப்படுகிறது. கங்கா தன் நிலையை அறிந்துவிடாமல் காக்க மருத்துவரே இவ்வையத்தை வளரவிடுகிறார். உண்மை பின்னர் வெளிப்படினும், ஒரு பெண்ணைக் குணப்படுத்த இன்னொரு பெண்ணின் மானம் கருவியாக்கப்பட்டமை படத்தில் பெரும் பிழையாகக் கருதப்படவில்லை.

இரண்டாமவள் நாகவல்லி. சிலப்பதிகாரமும் இசக்கி வழிபாடும் காட்டிய மூன்று படிகளுள் கேட்டல் மட்டுமே அவளுக்குக் கிடைக்கிறது. அதுவும் ஏமாற்றுவதன் பொருட்டே கிடைக்கிறது. அவள் வெட்டியது பொம்மை. கொலையுண்டவளுக்கு அளிக்கப்பட்ட நீதி, நீதியின் நாடகமாகவே அமைந்தது. நோய் என்று பெயரிட்ட கணத்தில் நாகவல்லி கங்காவின் கற்பனையாகச் சுருங்கிவிடுகிறாள். அவளைக் கொன்ற தறவாட்டின் வரலாறு விசாரணைக்கு அப்பாற்பட்டதாகிவிடுகிறது. இறுதியில் வீடு மங்கலம் பெறுகிறது. நாகவல்லிக்கு அங்கு ஒரு கல்லும் இல்லை, விளக்கும் இல்லை.

மூன்றாமவள் திரைக்கு வெளியே உள்ளவள். நாகவல்லியின் தமிழ்க்குரல் பல்லாண்டுகள் பாக்கியலட்சுமியின் குரலாகவே கருதப்பட்டுவந்தது. தமிழ்ப் பகுதிகளுக்குக் குரல் கொடுத்தவர் துர்கா என்னும் பின்னணிக் குரல் கலைஞர் என்பதை 2016-இல் ஃபாசில் வெளிப்படுத்தினார். இன்னொருத்தியின் வாயில் பேசியவள் என்னும் கதை, படத்தின் உருவாக்கத்திலும் ஒருவகையில் நிகழ்ந்துள்ளது.

அயல்மொழி பேசும் ஆவி

இப்படத்தின் மறுவாக்கங்களை ஒருசேர நோக்கும்போது ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. மலையாளப் படத்தில் ஆவி தமிழ் பேசுகிறது. பி. வாசு இயக்கிய ‘சந்திரமுகி’ (2005) என்னும் தமிழ்ப்படத்தில் ஆடல்மகள் தெலுங்கு பேசுகிறாள். பிரியதர்ஷன் இயக்கிய ‘பூல் புலையா’ (2007) என்னும் இந்திப் படத்தில் மஞ்சுளிகா வங்காளம் பேசுகிறாள். எம்மொழியில் படம் எடுக்கப்படினும் ஆவி அயல்மொழிக்காரியாகவே இருக்க வேண்டியுள்ளது. வீட்டின் மொழி ஆணின் மொழியாகவும் குடும்பத்தின் மொழியாகவும் உள்ளது. கலையும் காமமும் சினமும் அயல்மொழிக்கு ஒதுக்கப்படுகின்றன. கதைத்தலைவி தன் மொழியில் வெளிப்படுத்த இயலாத சினத்தை அயல்மொழியில் வெளிப்படுத்துகிறாள். மலையாளப் பார்வையாளருக்கு அச்சமூட்டிய அதே தமிழ், தமிழ்ப் பார்வையாளருக்கு வீட்டுமொழி. ஆகவே தமிழாக்கத்தில் அச்சத்திற்கு வேறொரு மொழி வேண்டியதாயிற்று.

இவ்வொழுங்கிற்கு வரலாற்றுப் பின்புலமும் உண்டு. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு சுவாதித் திருநாளின் திருவிதாங்கூர் அவையில் இடம்பெற்றிருந்தார். தஞ்சையின் ஆடலும் இசையும் சேரநாட்டு அரண்மனைகளுக்குச் சென்றமை வரலாறு. கலையை வரவேற்ற இல்லங்கள் கலைஞரை எவ்வாறு நடத்தின என்னும் வினாவே நாகவல்லி வடிவில் திரும்பி வருகிறது. தமிழகத்திற்கு வெளியே தமிழ் பயில்வோர் இப்படத்தைக் காணும்போது, அந்தத் தெற்கினியிலிருந்து கேட்கும் தமிழ் யாருடையது என்று எண்ணாமல் இருக்க இயலாது.

‘சந்திரமுகி’யில் காயத்தின் இடம் மேலும் சுருங்குகிறது. வேட்டையன் ஆடல்மகளின் காதலனைக் கொன்று, அவளை உயிரோடு எரித்தான் என்னும் கொடுமை மூலப்படத்தினும் வெளிப்படையாகக் காட்டப்படுகிறது. ஆனால் மருத்துவர் சரவணனாகவும் வேட்டையனாகவும் ரஜினிகாந்த்தே தோன்றுவதால், கொடியவனின் உருவம் பார்வையாளரின் ஆரவாரத்திற்கு உரியதாகிறது. வடிவேலுவின் நகைச்சுவையும் அச்சத்தை உடனுக்குடன் தணிக்கிறது. ஜோதிகாவின் நடிப்பு அக்காயத்தை நினைவூட்டிக்கொண்டிருப்பினும், படம் நாயகனின் வெற்றியாகவே நிறைவடைகிறது.

ஏற்பவரின் இசைவு

ராகவா லாரன்ஸ் இயக்கிய ‘காஞ்சனா’ (2011) இவ்வகையில் வேறு திசையில் செல்கிறது. நிலத்திற்காகக் கொல்லப்பட்ட திருநங்கை காஞ்சனாவின் ஆவி ராகவாவின் உடலிலிருந்து பிரிக்கப்பட்ட பின்னர் தன் கதையைச் சொல்கிறது. அதைக் கேட்ட ராகவா தன் உடலை மீண்டும் தானே அளிக்கிறான். ஓட்டுதலில் தொடங்கிய படம் ஏற்றலில் முடிகிறது. இதில் ஆவி நோயாக விளக்கப்படவில்லை. அநீதிக்கு உள்ளானவராகவே அறியப்படுகிறது. கொலையுண்டோரைத் தெய்வமாக ஏற்கும் நாட்டார் மனநிலைக்கு இது நெருக்கமானது. கலை நுணுக்கத்தில் ‘மணிச்சித்ரத்தாழ்’ படத்திற்கு ஈடாகாத ஒரு வணிகப்படம், இறந்தோருக்குச் செலுத்தும் கடமையில் அதனைவிட ஒருபடி முன் நிற்கிறது. எனினும் திருநங்கையின் நடையுடை பாவனைகள் ஆணின் உடலில் ஏறும்போது அவை நகைப்பிற்குரியனவாகவும் காட்டப்படுகின்றன. மதிப்பளிக்கவந்த படமே அம்மதிப்பைக் குறைத்துக்கொள்ளும் முரண் இதில் உள்ளது.

ராகுல் சதாசிவன் இயக்கிய ‘பூதகாலம்’ (2022) என்னும் மலையாளப் படம் சடங்கையே தவிர்க்கிறது. மனச்சோர்வுற்ற தாயும், வேலையற்ற மகனும், மூதாட்டியின் இறப்பிற்குப்பின் ஒரே வீட்டில் தனித்தனியே அஞ்சுகின்றனர். மகன் கண்டதை எவரும் நம்புவதில்லை. தாயும் அதையே காணும்போதுதான் அச்சம் பகிரப்படுகிறது. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பற்றி வெளியேறுகின்றனர். ரேவதியும் ஷேன் நிகமும் ஏற்று நடித்துள்ள இப்பாத்திரங்களுக்கு நம்பிக்கை என்பது தெய்வத்தின்மீது கொள்வதன்று. ‘உனக்கு நேர்ந்ததை நான் நம்புகிறேன்’ என்னும் உறவு நம்பிக்கையாகும்.

திரைக்கு வெளியே

இவ்வாய்வுப்பொருள் திரையோடு முடிவதன்று. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநல விடுதி ஒன்றில் ஏற்பட்ட தீவிபத்தில் 28 பேர் உயிரிழந்தனர். சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தமையால் அவர்களால் தப்ப இயலவில்லை. தர்காவின் அருள் நாடி வந்தவர்களைச் சுற்றி எழுந்த விடுதிகளின் அவலம் அன்று நாடறிய வெளிப்பட்டது. நம்பிக்கைவழிக் குணமாதலை அழகியலாக மட்டும் பேசுவோர் இச்சங்கிலிகளை மறத்தல் கூடாது.

மறுபுறம், 2002-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்றும் கருதத்தக்கது. தமிழகத்தின் வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயர் 31 பேரை அவ்வாய்வு கவனித்தது. அவர்கள் சராசரியாக ஆறு வாரங்கள் தங்கினர். நோய்க்குறிகளின் அளவு ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. அங்கு தனிச் சடங்கு மருத்துவம் ஏதும் நிகழவில்லை. உறவினருடன் தங்குதல், கோயிலின் அன்றாடப் பணிகளில் பங்குகொள்ளுதல், பரிவான சூழல் ஆகியனவே உதவின என ஆய்வாளர் கருதினர். ஏர்வாடியில் பூட்டு, இங்கு புழங்குவதற்கு ஓர் இடம். இரண்டும் நம்பிக்கையின் பெயரிலேயே நிகழ்ந்தன.

மருத்துவ வகைப்பாடும் இக்காலத்தில் மாற்றம் கண்டுள்ளது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்தாம் நோய் வகைப்பாடு ஆவேச நிலையைத் தனிப்பிரிவாக ஏற்றது. அமெரிக்க உளமருத்துவர் சங்கத்தின் 2013-ஆம் ஆண்டுக் கையேடு, பிளவுண்ட அடையாளக் கோளாறு சில பண்பாடுகளில் ஆவேசமாக வெளிப்படலாம் எனக் குறிப்பிடுகிறது. நாளை சன்னியைப் போன்ற மருத்துவர் ஒருவர் திரையில் தோன்றினால், ‘இது ஆவியன்று’ என்று கூறுவதோடு அவர் நின்றுவிட இயலாது. ‘ஏன் இவ்வடிவில் இத்துன்பம் பேசுகிறது’ என்பதையும் அவர் வினவியாக வேண்டும்.

தொகுப்புரை

மேற்கண்டவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. ஆவேசத்தின் காரணம் குறித்த ஐயம் சங்க இலக்கியத்திலேயே இடம்பெற்றுள்ளது. அதனை மேலை மருத்துவத்தின் வரவாக மட்டும் கருதுதல் பொருந்தாது. தமிழ்க் காப்பிய மரபும் நாட்டார் மரபும் இறந்தோரின் துயரைக் கேட்டு, அறிந்து, அதற்கு இடமளிப்பதைக் குணமாதலாகக் கொண்டன. ‘மணிச்சித்ரத்தாழ்’ படமும் அதன் வழிவந்தவையும் உயிரோடிருப்பவளைக் குணப்படுத்துவதில் வெற்றி பெற்று, கொலையுண்டவளை மறப்பதில் நிறைவடைகின்றன. ‘காஞ்சனா’ இறந்தவரின் நீதியை முன்னிறுத்துகிறது. ‘பூதகாலம்’ உயிரோடிருப்போர் ஒருவரையொருவர் நம்புதலை முன்னிறுத்துகிறது.

கங்கா நலம்பெற்றமையில் எவருக்கும் மறுப்பு இருக்க இயலாது. அவளது உறக்கத்திற்காக நாகவல்லியைப் பொய்யாக்க வேண்டியதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். மூன்று சிறுமியர் அரற்றியபோது அதைக் கேட்டு, வழிபாட்டிற்கும் வகைசெய்த அரசனைக் காட்டிய காப்பியம் நம்முடையது. அதே சேரநாட்டில் ஒரு தமிழ்ப்பெண்ணின் குரல் பூட்டிய அறையிலிருந்து எழுந்தபோது, அதை நோயின் குரலாக மட்டுமே கேட்டுப் பழகிவிட்டோம். அவ்வறையின் தாழ் திறக்கப்பட்டுவிட்டது. அவள் சொன்னது இன்னும் எஞ்சியுள்ளது.